ஊரையே ஜெயிக்க வைக்கிற தலைவர் ஒரே ஒரு தொகுதியில தோக்குறது ஏன்?

நீங்க கேட்ட கேள்வி இதுதான். ஒரு கட்சிக்கே தலைவர், எங்க போனாலும் கூட்டம் கூடுது, சில பேர் முதலமைச்சர் பதவியில உக்காந்திருக்கும்போதே போய் நிக்கிறாங்க, அப்படி இருந்தும் ஒரே ஒரு தொகுதி இடைத்தேர்தல்ல தோத்துட்டு வந்துடறாங்களே, அது எப்படி? பணமா, சாதி மதமா, இல்ல கூட இருக்கறவங்களே காலை வாரி விட்டதா? தோத்த பிறகு அவங்க என்ன ஆவாங்க?

காரணம்னு பாத்தா நீங்க சொன்ன மூணுமே இருக்கும். ஆனா இந்த மூணையும் எந்த தேர்தலுக்கும் சொல்லிடலாம், பொதுத்தேர்தல்ல தோத்தாலும் இதேதான் சொல்வாங்க. தலைவரே நின்னு இடைத்தேர்தல்ல தோக்குறதுக்குன்னு தனியா ஒரு காரணம் இருக்கு, பல வருஷமா தேர்தல் முடிவுகளை பாத்துட்டு வர்றதுல எனக்கு பிடிபட்டது அதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பொதுத்தேர்தல்ல ஜனங்க ஒரு தலைவருக்கு ஓட்டு போடறாங்கன்னா, பாதிக்கு மேல அது அவர் நிக்கிற தொகுதிக்காக போடற ஓட்டு இல்ல, யார் ஆட்சிக்கு வரணும்னு போடற ஓட்டு. முன்ன பின்ன தெரியாத வேட்பாளர்கூட தலைவர் படத்தை போட்டு ஜெயிச்சு வர்றது அதனாலதான். இடைத்தேர்தல்ல அந்த கேள்வியே இல்ல. ஆட்சி ஏற்கனவே இருக்கு, பெரும்பாலும் அது மாறப்போறதும் இல்ல. அப்ப தலைவர் வந்து நிக்கும்போது மிச்சம் இருக்குற ஒரே கேள்வி, இந்த ஆளுக்கு சபையில ஒரு சீட்டு வேணும், நாம குடுக்கணுமா வேணாமா, அவ்வளவுதான். இதுவரைக்கும் மத்தவங்களுக்காக ஓட்டு கேட்டவர் முதல் தடவையா தனக்காக கேக்குறார். ஜனங்க அதை உடனே புரிஞ்சுக்கறாங்க. உங்களுக்கு சீட்டு வேணும் சரி, எங்களுக்கு என்னன்னு கேக்குறாங்க. அந்த கேள்விக்கு அந்த ஊருக்கு ஏத்த மாதிரி பதில் வச்சிருந்தவங்க ஜெயிச்சிருக்காங்க, பதில் இல்லாம போனவங்கதான் தோத்திருக்காங்க.

நம்ம நாட்டுல இதுக்கு பெரிய உதாரணம் ஜார்க்கண்ட்ல சிபு சோரன். 2008 ஆகஸ்ட்ல முதலமைச்சர் ஆனார், அப்ப அவர் மக்களவை உறுப்பினர், சட்டமன்றத்துல இல்ல. அரசியல் சட்டம் 164(4)வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, உறுப்பினரா இல்லாதவர் அமைச்சர் ஆகலாம், ஆனா ஆறு மாசத்துக்குள்ள ஜெயிச்சு வரணும், இல்லன்னா பதவி போயிடும். இந்த ஆறு மாச கெடுதான் பாதி தோல்விகளுக்கு ஆரம்பம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பொறுமையா இடம் பாத்து நிக்க முடியாது, எது காலியா இருக்கோ அங்க போய் நிக்கணும். காலியா இருந்தது தமாட். அங்க இருந்த எம்எல்ஏ மாவோயிஸ்டுகளால சுட்டுக் கொல்லப்பட்டதால வந்த காலியிடம். சிபு சோரன் சந்தாலி, அவரோட கோட்டை தும்கா பக்கம், சந்தால் பர்கானா. தமாட் முண்டாங்கிற வேற ஒரு பழங்குடியோட பகுதி. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் பழங்குடி பகுதிதானே, தனி மாநிலம் வாங்கிக் குடுத்த தலைவருக்கு போடாம யாருக்கு போடுவாங்கன்னு தோணும். அந்த ஊர்க்காரனுக்கு அப்படி தோணாது. நம்ம ஆளுன்னு அவன் சொல்ற வட்டம் வெளியாள் நினைக்கிறதை விட ரொம்ப சின்னது.

2009 ஜனவரி 8ஆம் தேதி ஓட்டு எண்ணினாங்க. ஜார்க்கண்ட் கட்சியில நின்ன ராஜா பீட்டர்ங்கிற உள்ளூர்க்காரர்கிட்ட சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்துல முதலமைச்சர் தோத்தார். பதவி போச்சு, அதே மாசம் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துடுச்சு. கவனிங்க, அதே வாரம்தான் நம்ம மாநிலத்துல திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்துச்சு, அங்க ஆளுங்கட்சி பிரமாதமா ஜெயிச்சது. ஆளுங்கட்சின்னா இடைத்தேர்தல்ல ஜெயிச்சுடும்னு நாம ஒரு விதி மாதிரி நம்பிட்டு இருக்கோம், அந்த விதி தமாட்ல ஒரு முதலமைச்சரையே காப்பாத்தல.

அடுத்தது, ஒருத்தரை எழுப்பி விட்டுட்டு அந்த இடத்துல போய் உக்கார்றது. இது கனடாவுலயும் இங்கிலாந்துலயும் அடிக்கடி நடக்கும், இப்ப இங்கயும் சகஜம்தான். ஒண்டாரியோ மாகாணத்துல கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரா இருந்தவர் ஜான் டோரி. 2007 பொதுத்தேர்தல்ல மத சார்புள்ள பள்ளிகளுக்கும் அரசு பணம் தரணும்னு வாக்குறுதி குடுத்து அதுலயே மாட்டிக்கிட்டார், டொராண்டோவுல சொந்த தொகுதியிலயே தோத்தார். ஒன்றரை வருஷம் சபைக்கு வெளிய நின்னு கட்சி நடத்தினார். அப்புறம் ஹாலிபர்டன் கவார்த்தா லேக்ஸ் பிராக்னு ஒரு கிராமப்புற தொகுதி, அவங்க கட்சிக்கு ரொம்ப பாதுகாப்பான இடம், அங்க எம்எல்ஏவா இருந்த லாரி ஸ்காட்டுங்கிற பெண்மணி தலைவருக்காக ராஜினாமா பண்ணினாங்க. 2009 மார்ச் 5ல தேர்தல். எதிர்ல லிபரல் கட்சியில ரிக் ஜான்சன், அந்த பக்கத்து ஆளு, 2007ல அதே தொகுதியில நின்னு தோத்தவர். ஆயிரத்துக்கும் கம்மியான ஓட்டுல டோரி தோத்தார், மறுநாளே தலைவர் பதவியை விட்டார். 2011ல பொதுத்தேர்தல் வந்துச்சு, அதே லாரி ஸ்காட் அதே தொகுதியில திரும்ப நின்னாங்க, ஜெயிச்சாங்க. அப்ப தொகுதி கட்சி மாறலன்னுதானே அர்த்தம்? அந்த ஜனங்களுக்கு கட்சி மேல வெறுப்பு இல்ல, அவங்க எம்எல்ஏவை எழுப்பிட்டு வந்து உக்காந்தவர் மேலதான் கோவம்.

இதே கதை 1965ல லண்டன் பக்கத்துல லெய்டன்ல நடந்துச்சு. அவர் கட்சித் தலைவர் இல்ல, வெளியுறவு அமைச்சர், பேட்ரிக் கார்டன் வாக்கர். ஆனா இந்த விஷயத்துல அதைவிட தெளிவான பாடம் கிடையாது. 1964 பொதுத்தேர்தல்ல லேபர் கட்சி நூலிழையில ஆட்சிக்கு வந்துச்சு, ஆனா இவர் ஸ்மெத்விக் தொகுதியில தோத்துட்டார், குடியேறி வந்தவங்களுக்கு எதிரா அங்க ரொம்ப கேவலமான இனவெறி பிரச்சாரம் நடந்தது. உறுப்பினரா இல்லாமலே அவரை வெளியுறவு அமைச்சர் ஆக்கிட்டாங்க, சீக்கிரம் ஒரு சீட்டு வேணும். லெய்டன்ல பல காலமா எம்பியா இருந்த ரெஜினால்ட் சோரன்சனுக்கு பிரபு பட்டம் குடுத்து மேல்சபைக்கு அனுப்பிட்டு அந்த இடத்தை காலி பண்ணினாங்க. சில மாசம் முன்னாடிதான் லேபர் கிட்டத்தட்ட 8,000 ஓட்டுல ஜெயிச்ச தொகுதி. 1965 ஜனவரியில அங்க கார்டன் வாக்கர் 205 ஓட்டுல தோத்தார். அமைச்சர் பதவியும் போச்சு. 1966 மார்ச் பொதுத்தேர்தல்ல அதே ஆளு அதே லெய்டன்ல நின்னு ஜெயிச்சார். பதினாலு மாசம்தான் வித்தியாசம், அதே தொகுதி, அதே கட்சி, அதே ஆளு. மாறினது கேள்வி மட்டும்தான். 1966ல லேபர் ஆட்சி தொடரணுமான்னு கேள்வி, ஜனங்க ஆமான்னாங்க. 1965ல இந்த அமைச்சருக்கு நம்ம பழைய எம்பியோட நாற்காலியை குடுக்கணுமான்னு கேள்வி, வேணாம்னாங்க.

லெய்டன்ல லேபர்காரங்க எல்லாரும் எதிர்கட்சிக்கு மாத்தி போட்டாங்கன்னு நினைக்காதீங்க. வாக்குப்பதிவே நல்லா குறைஞ்சிருந்தது. விசுவாசமான கட்சிக்காரன் கோவம் வந்தா எதிரிக்கு போட மாட்டான், வீட்டுல உக்காந்துடுவான். இடைத்தேர்தல்ல தலைவரை தோக்கடிக்கிறது பல சமயம் வராம போன ஓட்டுதான், விழுந்த ஓட்டு இல்ல. உள்குத்துன்னு நாம சொல்றோமே, அதுலயும் முக்கால்வாசி இந்த ரகம்தான். யாரும் சதி பண்ணணும்னு இல்ல, காலையில ஆறு மணிக்கு கிளம்பி வீடு வீடா போய் நம்ம ஓட்டு எல்லாம் விழுந்துச்சான்னு பாக்குறவன் பத்து மணிக்கு கிளம்பினாலே போதும்.

நான் ரெண்டு இடைத்தேர்தல்ல பூத் வேலை பாத்திருக்கேன், அதுல ஒண்ணு நான் மறக்கவே முடியாது. வெளி மாவட்டத்துல இருந்து பொறுப்பாளர்கள் வண்டி வண்டியா வந்து இறங்கினாங்க, தெருவுக்கு ஒரு பணிமனை, மைக், பந்தல். வீட்டு வாசல்ல பத்து வெள்ளை சட்டை நிக்கும், அந்த கிளையில முப்பது வருஷமா செயலாளரா இருந்த பெரியவர் பின்னாடி மரத்தடியில நிப்பார். எந்த வீட்டுல யார் செத்து போனாங்க, எந்த பொண்ணு கல்யாணம் ஆகி வெளியூர் போயிடுச்சு, எந்த வீட்டுல அண்ணன் தம்பி பேசிக்கறது இல்ல, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர்கிட்ட யாரும் கேக்கல. கதவை திறந்த அம்மா வந்தவங்க எல்லாரையும் பாத்துட்டு, என்ன அண்ணே நீங்க வரலையான்னு கேட்டாங்க, அவர் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தார். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தலைவர் நிக்கிற தேர்தல்ல இது பத்து மடங்கு நடக்கும், ஏன்னா தலைவர் கண்ணுல படணும்னு மாநிலத்துல இருக்குற அத்தனை பேரும் அங்கதான் இருப்பாங்க.

அப்புறம் எதிரிங்க ஒண்ணு சேர்றது. பொதுத்தேர்தல்ல ஒவ்வொரு கட்சிக்கும் தன் பாட்டை பாக்கவே நேரம் சரியா இருக்கும். இடைத்தேர்தல்ல ஒரே குறி, அதுலயும் தலைவர் நின்னா குறி பெருசு, அவரை சாய்ச்சா கட்சியே சாஞ்சுடும். 1942ல கனடாவுல ஆர்தர் மீகன்னு முன்னாள் பிரதமர், கன்சர்வேட்டிவ் கட்சி அவரை திரும்ப தலைவர் ஆக்குச்சு. செனட் பதவியை விட்டுட்டு டொராண்டோ பக்கத்துல யார்க் சவுத்னு அவங்களுக்கு பாதுகாப்பான தொகுதியில நின்னார். ஆளுங்கட்சியான லிபரல் வேட்பாளரே போடல. மரியாதைக்கு போடலன்னு வெளிய தெரியும், நடந்தது என்னன்னா அவருக்கு எதிரான ஓட்டு ரெண்டா உடையாம முழுசா சிசிஎஃப்னு ஒரு சின்ன சோஷலிஸ்ட் கட்சியில நின்ன ஜோசப் நோஸ்வொர்தி பக்கம் போச்சு, அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மீகன் போர் நடக்குது, கட்டாய ராணுவ சேவை வேணும்னு அதையே பேசினார். அந்த வாத்தியார் போர் முடிஞ்ச பிறகு வேலை என்ன ஆகும், வீடு என்ன ஆகும்னு பேசினார். அதுக்குள்ள அரசாங்கம் கட்டாய சேவை பத்தி நாடு முழுக்க மக்கள்கிட்டயே கேட்டுடறோம்னு அறிவிச்சு மீகன் கையில இருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கிடுச்சு. அவர் தோத்தார், அதோட அவர் அரசியலே முடிஞ்சுது. தலைவர்கள் நாட்டு பிரச்சனையை சுமந்துட்டு வர்றாங்க, ஓட்டு போடறவன் வீட்டுப் பிரச்சனையோட நிக்கிறான். நாட்டு பிரச்சனை சின்னதுன்னு சொல்லல, ஆனா அதை ஒரு தொகுதியில ஒரு நாள்ல தீர்க்க முடியாதுன்னு ஓட்டு போடறவனுக்கு நல்லா தெரியும்.

உத்தரப் பிரதேசத்துல 1971ல முதலமைச்சரா இருந்த டி.என். சிங் கோரக்பூர் பக்கம் மணிராம் தொகுதியில தோத்ததும் இதோட சேர்ந்ததுதான், எம்எல்ஏவா இல்லாம பதவிக்கு வந்து ஆறு மாச கெடுவுல நின்னவர், எதிர்ல இந்திரா காந்தியே வந்து பிரச்சாரம் பண்ணின இளைஞர் வேட்பாளர். அந்த அலையில அவர் எங்க நின்னாலும் கஷ்டம்தான், அதனால இதை தலைவரோட தப்புன்னு சொல்ல மாட்டேன். சில தோல்விக்கு நேரம்தான் காரணம்.

ஆனா ஸ்டோக் அப்படி இல்ல. 2017 பிப்ரவரி, இங்கிலாந்துல ஸ்டோக் ஆன் ட்ரென்ட் சென்ட்ரல் தொகுதி. ஐரோப்பிய யூனியன்ல இருந்து வெளிய வரணும்னு அந்த நகரத்துல 69 சதவீதம் பேர் ஓட்டு போட்டிருந்தாங்க, அதையே உயிர் மூச்சா வச்சிருந்த கட்சி யுகிப், அதோட புது தலைவர் பால் நட்டல் அங்க வந்து நின்னார். காகிதத்துல பாத்தா இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தலைவர் வந்ததும் நாட்டுல இருக்குற அத்தனை பத்திரிகையும் அந்த ஒரு தொகுதிக்கு வந்துச்சு. வேட்புமனுவுல குடுத்திருந்த ஸ்டோக் வீட்டு முகவரியில அவர் இன்னும் குடியே வரலன்னு வெளிய வந்துச்சு. அடுத்து, 1989ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல நெருங்கின நண்பர்களை பறிகொடுத்தேன்னு அவரோட வெப்சைட்ல இருந்தது, ரேடியோ பேட்டியில அழுத்தி கேட்டதும் அது உண்மை இல்லன்னு ஒத்துக்க வேண்டியதாச்சு. அந்த நெரிசல்ல பிள்ளைங்களை பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனை வருஷம் நீதிக்காக அலைஞ்சாங்கன்னு இங்கிலாந்து முழுக்க தெரியும், அதை தொட்டு பொய் வந்தா யார் மன்னிப்பாங்க. சாதாரண வேட்பாளரா இருந்திருந்தா இந்த ரெண்டும் உள்ளூர் பேப்பர்லயே முடிஞ்சிருக்கலாம், தலைவர்ங்கிறதால நாடே பாத்துச்சு. வாக்குப்பதிவு 38 சதவீதம்தான். பக்கத்து ஊர்ல கவுன்சில் நடத்தின லேபர் ஆளு கேரத் ஸ்னெல் 2,620 ஓட்டுல ஜெயிச்சார். ஓட்டு கம்மியா விழற தேர்தல்ல ரெண்டாயிரம் மூவாயிரம் பேரை வீட்டுல இருந்து கூட்டிட்டு வர்றவன்தான் ஜெயிப்பான், அதுக்கு பழைய பூத் லிஸ்ட்டும் பழகின முகமும் வேணும், புதுசா வந்த கட்சிக்கு ரெண்டும் இல்ல.

இந்த இடத்துல ஜார்ஜ் காலவேயை சொல்லாம போக முடியாது. சின்ன கட்சித் தலைவர், அவரோட கருத்து பலருக்கு பிடிக்காது, அதை விடுங்க. 2021ல பேட்லி அண்ட் ஸ்பென் இடைத்தேர்தல்ல நின்னு மூணாவது வந்தார், அங்க லேபர் 323 ஓட்டுல தப்பிச்சு ஜெயிச்சது. 2024 பிப்ரவரியில ராச்டேல்ல நின்னு 5,000க்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். ஆளும் அதே, பேச்சும் கிட்டத்தட்ட அதே. பேட்லில எதிர்ல நின்னது கிம் லெட்பீட்டர், அந்த மண்ணுல பிறந்தவங்க, அதே தொகுதி எம்பியா இருக்கும்போது கொல்லப்பட்ட ஜோ காக்ஸோட தங்கச்சி. ராச்டேல்ல லேபர் தன் வேட்பாளரையே பாதியில கை விட்டுடுச்சு. தலைவரோட பலத்தை மட்டும் அளந்து இடைத்தேர்தலை கணிக்க முடியாதுங்கறதுக்காக சொல்றேன், எதிர்ல நிக்கிறது யாருங்கறது பாதி.

கூட்டணி ஓட்டு விஷயத்துக்கு வர்றேன், இது எனக்கு எப்பவும் மனசு கனக்குற ஒண்ணு. அம்பேத்கர் 1952 பொதுத்தேர்தல்ல பம்பாய்ல தோத்தார், அது எல்லாருக்கும் தெரியும். 1954ல பண்டாரா இடைத்தேர்தல்ல திரும்ப நின்னு தோத்தது பல பேருக்கு தெரியாது. அப்ப சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதி, ஒரு பொது இடம், ஒரு தனி இடம், வாக்காளருக்கு ரெண்டு ஓட்டு. பண்டாராவுல பொது இடத்துல நின்ன சோஷலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தா ஜெயிச்சார், தனி இடத்துல நின்ன அம்பேத்கர் காங்கிரஸ் வேட்பாளர்கிட்ட தோத்தார். ஒரே தேர்தல், ஒரே வாக்காளர்கள். காங்கிரஸ் எதிர்ப்பு அந்த தொகுதியில இருந்துச்சுன்னு மேத்தா ஜெயிச்சதுலயே தெரியுது. அப்ப மேத்தாவுக்கு ஒரு ஓட்டை போட்ட நிறைய பேருக்கு ரெண்டாவது ஓட்டை அம்பேத்கருக்கு போட கை வரல, அதைத்தவிர வேற எப்படி இதை வாசிக்கிறதுன்னு எனக்கு தெரியல. அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்கு தலைவரா இருந்தவருக்கு நடந்தது இது. ஒரு சமூகத்தோட ஓட்டு தோழமை கட்சிக்கு சுத்தமா போய் சேரும், பதிலுக்கு அங்க இருந்து ஓட்டு வராது, இன்னைக்கும் பூத் வாரியா பாத்தா இது தெரியும்.

சாதி, மதம்னு கேட்டீங்க. 1948ல காங்கிரஸை விட்டு வெளிய வந்த சோஷலிஸ்டுகள், காங்கிரஸ் சின்னத்துல ஜெயிச்ச பதவி எங்களுக்கு வேணாம்னு ராஜினாமா பண்ணிட்டு திரும்ப மக்கள்கிட்ட போனாங்க. அவங்க தலைவர் ஆச்சார்யா நரேந்திர தேவ் ஃபைசாபாத்ல நின்னார். காங்கிரஸ் அவருக்கு எதிரா பாபா ராகவ் தாஸ்னு ஒரு துறவியை நிறுத்துச்சு, அயோத்தி இருக்குற ஊர்ல இவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்னு பிரச்சாரம் நடந்துச்சு, தோத்துட்டார். இன்னைக்கு கட்சி மாறினவங்க எத்தனை பேர் இப்படி பதவியை தூக்கி போட்டுட்டு போய் நிக்கிறாங்க? 1963ல பாஜகவுக்கு முன்னோடியான ஜனசங்கத்தோட பொதுச்செயலாளர் தீனதயாள் உபாத்யாயா ஜவுன்பூர் மக்களவை இடைத்தேர்தல்ல தோத்தார், பிராமணர் ஓட்டை சாதி பேர் சொல்லி திரட்டலாம்னு கூட இருந்தவங்க சொன்னப்ப அவர் மாட்டேன்னுட்டார்னு சொல்வாங்க. அவங்க ரெண்டு பேர் கொள்கையும் எதிர் எதிர் துருவம், ஆனா நேர்மையா நின்னு தோத்தாங்கங்கறதுல எனக்கு ரெண்டு பேர் மேலயும் மரியாதை உண்டு.

பணத்தை பத்தி நம்ம ஊர்ல பேசாம இருக்க முடியாது, திருமங்கலம் ஃபார்முலான்னு ஒரு பேரே நிலைச்சு போச்சு. 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை பணப் பட்டுவாடா காரணமா தேர்தல் ஆணையமே ரத்து பண்ணுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல திரும்ப நடந்தப்ப ஆட்சியும் இரட்டை இலையும் ஒரு பக்கம் இருக்க, பிரஷர் குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்ன டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டுல ஜெயிச்சார், திமுக டெபாசிட் இழந்துச்சு. அதனால பணம் ஒரு பக்கம்தான் இருக்கும்னும் நினைக்காதீங்க, ஆட்சியில இருந்தா போதும்னும் நினைக்காதீங்க. பணம் ஓட்டை நகர்த்தும், ஆனா அது நகர்த்தறது எங்க போடறதுன்னு முடிவு பண்ணாம நிக்கிறவனை.

அப்ப ஜெயிச்ச தலைவர்கள் என்ன பண்ணினாங்க? காமராஜர் 1954ல முதலமைச்சர் ஆனதும் அவருக்கும் இதே கெடு இருந்துச்சு, சொந்த ஊர் பக்கம் போகாம வட மாவட்டத்துல குடியாத்தத்துல நின்னார். வெளியூர்க்காரர்தான். ஆனா பெரியார் அவரை ஆதரிச்சார், திமுகவும் எதிர்த்து நிக்கல, ராஜாஜியோட குலக்கல்வித் திட்டத்து மேல ஜனங்களுக்கு பெரிய கோவம் இருந்துச்சு, காமராஜர் பதவிக்கு வந்ததும் அந்த திட்டத்தை கைவிட்டிருந்தார். எங்களுக்கு என்னங்கிற கேள்விக்கு பதில் கண்ணு முன்னாடி இருந்துச்சு. அதே காமராஜர் 1967 பொதுத்தேர்தல்ல சொந்த ஊர் விருதுநகர்லயே 1,285 ஓட்டுல தோத்தார், 1969 ஜனவரியில நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தல்ல பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சார். மாநிலம் முழுக்க காங்கிரஸ் சரிஞ்சு கிடந்தப்பவும் குமரி மாவட்டம் அவங்க பக்கம் நின்னுச்சு, இடம் சரியான இடம். 2021ல மம்தா பானர்ஜி நந்திகிராம்ல 1,956 ஓட்டுல தோத்து, செப்டம்பர்ல பவானிபூர்ல 58,835 ஓட்டுல ஜெயிச்சாங்க. பவானிபூர் அவங்க வீடு இருக்குற தொகுதி, 2011ல இருந்து அவங்க எம்எல்ஏவா இருந்த இடம். அங்கயும் ஜெயிச்ச எம்எல்ஏ ஒருத்தர் ராஜினாமா பண்ணித்தான் இடம் குடுத்தார், ஆனா அது வெளியாளுக்கு விட்டுக் குடுத்ததா யாருக்கும் தோணல, வீட்டுக்காரம்மா வீட்டுக்கு திரும்பின மாதிரிதான் இருந்துச்சு.

தோத்த பிறகு என்ன ஆகும்னும் கேட்டிருந்தீங்க. பெரும்பாலான தலைவர்கள் எண்ணிக்கை முடிஞ்ச அன்னைக்கு சாயந்திரமே அந்த தொகுதியை விட்டு கிளம்பிடுவாங்க, அப்புறம் அந்த பக்கமே வர மாட்டாங்க. 1985ல உத்தரப் பிரதேசத்துல பிஜ்னோர் மக்களவை இடைத்தேர்தல், தனித் தொகுதி. காங்கிரஸ்ல மீரா குமார், அதுதான் அவங்க முதல் தேர்தல். எதிர்ல ராம் விலாஸ் பாஸ்வான், 1977ல பீகார்ல ஹாஜிபூர்ல நாலு லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சு சாதனை பண்ணினவர். மூணாவதா ஒரு பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுட்டு வந்த இளம்பெண், கட்சி ஆரம்பிச்சு ஒரு வருஷம் சொச்சம்தான் ஆச்சு. மீரா குமார் ஜெயிச்சாங்க, பாஸ்வான் பீகாருக்கு திரும்பி 1989ல ஹாஜிபூர்லயே ஜெயிச்சார். அந்த டீச்சர் 1987ல ஹரித்வார் இடைத்தேர்தல்லயும் நின்னு தோத்தாங்க, ஆனா அந்த பகுதியை விடல. 1989ல அதே பிஜ்னோர்ல நின்னு மக்களவைக்கு போனாங்க. அவங்க பேரு மாயாவதி.